ரத்தத்தில் ஒரு 7.4

ரத்த மாதிரிகள் எல்லாம் எங்கள் ஆய்வகத்தில் வரிசையில் நிற்கும். தமனி ரத்தத்தின் வாயுக்களையும் அமிலத்தன்மையையும் பார்க்கும் 'ஏபிஜி' மாதிரி மட்டும் நிற்காது. மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுத்து, ஹெப்பாரின் சிரிஞ்சில் காற்றுக்குமிழி இல்லாமல் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவருவார்கள். கருவியில் செலுத்திய சில நிமிடங்களில் பிஎச் அளவு தெரிந்துவிடும்.

ஹைட்ரஜன் அயனியைக் கொடுப்பது அமிலம், வாங்கிக்கொள்வது காரம். அந்த அயனி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது பிஎச். எண் குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது. ரத்தத்தில் அது 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருக்க வேண்டும். 7.4 என்பது 7.1 ஆனால் 'கொஞ்சம்தானே' என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கின் அருமை 1952-இல் கோபன்ஹேகனில் தெரிந்தது. போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்ததால், காரம் மிகுந்துவிட்டது என்றே மருத்துவர்கள் எண்ணினார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் மறுத்தார். வெளியேற வழியில்லாமல் தேங்கிய கரியமில வாயுதான் ரத்தத்தை அமிலமாக்குகிறது, அதை ஈடுகட்டவே பைகார்பனேட் ஏறியிருக்கிறது என்றார். ஆகஸ்டில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் செய்து, பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். அவள் பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளுக்குப் பை அமுக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுதான். என் தொழிலுக்கும் அங்கேதான் வேர்: அந்த மருத்துவமனை ஆய்வகத்தின் போல் ஆஸ்ட்ரப், ரத்தத்தில் பிஎச் அளந்து கரியமில வாயுவைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்.

நலமான உடலில் ரத்தத்தில் அமிலம் கூடினால், நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றி நிமிடக் கணக்கில் அதைக் குறைக்கும். சிறுநீரகம் அதே வேலையை நாள்கணக்கில் செய்யும். உடலே இப்படிப் பார்த்துக்கொண்டாலும், 'ஆல்கலைன் தண்ணீர் குடித்தால் ரத்தம் சுத்தமாகுமா?' என்று பலர் கேட்கிறார்கள். இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலேயே அந்தத் தண்ணீரின் காரம் தீர்ந்துவிடும். அதற்குச் செலவழிக்காதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி ஊசியை நிறுத்திவிட்டால், உடல் கொழுப்பை உடைத்து எரிக்கும். அதில் பிறக்கும் கீட்டோ அமிலங்கள் ரத்தத்தில் சேரும். அதைச் சமாளிக்க நுரையீரல் ஆழமாக, வேகமாக இழுத்து இழுத்து மூச்சு விடும். ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1874-லேயே எழுதிவைத்த மூச்சு இது. இதை 'வீசிங்' என்று நினைத்து வீட்டிலேயே ஆவி பிடிக்க வைத்து, பிள்ளைகளைத் தாமதமாகத் தூக்கிவருகிறார்கள். அப்படி வந்த மாதிரிகளில் 7.0-க்குக் கீழேயும் பார்த்திருக்கிறேன். வாந்தி, வயிற்றுவலி, பழவாடை அடிக்கும் மூச்சு இவற்றோடு இந்த வேக மூச்சும் இருந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இன்சுலினும் சலைனும் நேரத்தில் ஏறினால் பெரும்பாலானவர்கள் சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார்கள்.