வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்ற கைக்கத்தி

கமத்தொழிலில் நாள்தோறும் எடுத்தாளப்படும் உபகரணங்களுள் மிகச் சிறியது கைக்கத்தியாகும். மருந்து தெளிக்கும் கருவியை வாங்குமுன் பத்துப்பேரிடம் விசாரிக்கும் கமக்காரர், கத்தியை மட்டும் சந்தையிற் கண்டவாறே வாங்கிவிடுகின்றனர். பின்னர் பிடி கழன்றும், வாய் மழுங்கியும், கை வழுக்கியும் இடர்ப்படுகின்றனர். அறுவடைக் காலத்தில் உள்ளங்கையில் ஏற்படும் ஒரு வெட்டுக்காயம் ஒரு கிழமை உழைப்பைக் கெடுத்துவிடும். ஆதலால், உங்கள் ஊர்க் கொல்லரைக் கொண்டே செய்விக்கத்தக்க நல்ல கைக்கத்தி ஒன்றை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இங்கு விளக்குகின்றோம்.

மடக்குக் கத்தி ஏன் ஏற்றதன்று?

மடக்குக் கத்தியின் மூட்டினுள் சேறும் மணலும் புகுந்து இறுகிவிடும். அதன் வில் துருப்பிடித்தால், அழுத்தி வெட்டும்போது அலகு மடங்கி விரல்களை வெட்டக்கூடும். மடங்காத அலகுடைய கத்தியில் அசையும் பகுதி எதுவுமில்லை. மற்றக் கையில் நாற்றையோ கயிற்றையோ பிடித்திருக்கும்போதும் அதனை ஒரு கையால் உறையிலிருந்து எடுக்கலாம், கழுவுவதும் எளிது.

முதலிற் பாவிப்போரைக் கேளுங்கள்

கத்தியின் குற்றம் கண்ணுக்குத் தெரிவதிலும் கைக்கே முன்னர் தெரியும். ஆகவே கொல்லர் இரும்பைக் காய்ச்சுமுன், கத்தியைப் பாவிக்கப்போகும் கைகளின் அனுபவத்தைத் திரட்டுதல் வேண்டும். கமக்காரர் அமைப்பின் கூட்டம் இதற்கு ஏற்ற இடமாகும்.

“எப்படிப்பட்ட கத்தி வேண்டும்?” என்று கேட்டால் விடை பலவாறாக வரும். ஒருவர் முழ நீளம் வேண்டும் என்பார்; இன்னொருவர் முதுகில் வாட்பற்கள் வேண்டும் என்பார்; வேறொருவர் பித்தளைப் பூண் கேட்பார். எல்லாவற்றையும் ஒரே கத்தியிற் சேர்த்தால் அது எவ்வேலைக்கும் உதவாது. எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்:

1. நேற்றும் இன்றும் கத்தியால் எவ்வெவ் வேலைகளைச் செய்தீர்கள்?
2. உங்கள் பழைய கத்தியில் எது இடைஞ்சலாயிருந்தது?
3. கையிற் காய்ப்போ காயமோ எவ்விடத்தில் ஏற்பட்டது?

விடைகளை எழுதிப் பாருங்கள். உரப்பையைத் திறத்தல், தும்புக் கயிற்றை அறுத்தல், கோவாவையும் பூசணியையும் காம்போடு வெட்டுதல், போஞ்சிக்கும் பயிற்றைக்கும் நடும் தடிகளைக் கூராக்குதல், நீர்க்குழாயை வெட்டுதல் என்பன போன்ற சிறு வேலைகளே பெரும்பாலும் அடிக்கடி வருவனவாயிருக்கும். அடிக்கடி வரும் வேலைக்கே கத்தியை அமைத்தல் வேண்டும். மரந் தறிப்பதற்குக் கோடரியும், பற்றை வெட்டுவதற்குக் காட்டுக்கத்தியும் இருக்கின்றன.

பெண்களையும் இடக்கை வழக்கமுடையோரையும் கேட்க மறவாதீர்கள். தோட்ட அறுவடையிற் பெரும்பங்கு பெண்களின் கையால் நடைபெறுகின்றது. ஆடவரின் உள்ளங்கைக்கு அளவெடுத்த பருத்த பிடி அவர்களுடைய கையில் நில்லாது சுழலும்.

மரத்தால் ஒரு மாதிரி

கருத்துக்கள் திரண்டபின், மெல்லிய பலகைத் துண்டொன்றிற் கத்தியின் உருவத்தை வரைந்து வெட்டி, பிடியையும் செதுக்கிக்கொள்ளுங்கள். அம்மாதிரியை இடுப்பிற் செருகி ஒரு கிழமை வேலைசெய்யுங்கள். குனியும்போது வயிற்றிற் குத்துகின்றதா, ஈரக்கையில் முன்னோக்கி வழுக்குகின்றதா என்பவை அப்பொழுதே தெரிந்துவிடும். மரத்தைத் திருத்துவதற்குச் செலவில்லை. இரும்பைத் திருத்துவதற்குச் செலவுண்டு.

அளவுகள்

கீழ்வரும் அளவுகளைத் தொடக்கமாகக் கொள்ளலாம். உங்கள் மாதிரி காட்டுகின்றவாறு அவற்றைச் சிறிது கூட்டியுங் குறைத்துங் கொள்க.

அலகின் நீளம்: 4 அங்குலம் (10 சென்ரிமீற்றர்). இது குறைவென்று எண்ண வேண்டாம். சுவீடன் நாட்டின் மோரா என்னும் ஊர் நீண்ட காலமாகக் கத்திக்குப் பெயர்பெற்றது. அங்கு வேலைக்கெனச் செய்யப்படும் சாதாரணக் கத்திகளின் அலகும் ஏறத்தாழ இந்நீளமே கொண்டது.

அகலமும் தடிப்பும்: அகலம் 1 அங்குலம், முதுகின் தடிப்பு 1/8 அங்குலம் (3 மில்லிமீற்றர்). முதுகிலிருந்து வாய்வரை படிப்படியாக மெலிந்து வரல் வேண்டும். வாயின் அருகிற் தடித்த கத்தி, எவ்வளவு தீட்டினும், பூசணியை வெட்டாது பிளக்கும்.

வாயும் நுனியும்: வாயின் பெரும்பகுதி நேராகவும், நுனியை அடுத்த பகுதி சிறிது வளைந்தும் இருத்தல் நன்று. நுனி முதுகின் மட்டத்திலிருந்து சற்றுத் தாழ்ந்திருந்தால், சாக்கைக் கிழிக்கும்போது உள்ளிருக்கும் பொருளைக் குத்தாது.

வால்: பிடிக்குள் இருக்கும் இரும்புப் பகுதியையே வால் என்கின்றோம். அது பிடியின் கடைசிவரை செல்லுதல் வேண்டும். இரு புறமும் மரத்தை வைத்து மூன்று ஆணிகளால் இறுக்குக. குறுகிய வாலைப் பிடியினுட் செருகிய கத்திகளே எளிதிற் கழல்வன.

பிடி: நீளம் 4½ அங்குலம். குறுக்குவெட்டு முட்டை வடிவாயிருந்தால், இருளிலும் வாய் எப்பக்கம் உள்ளதென்பதை விரல்கள் அறியும். அலகை அடுத்த இடத்திற் பிடி கீழ்நோக்கிப் புடைத்திருக்கட்டும். சுட்டுவிரல் வழுக்கி வாயின்மேற் செல்லாது தடுப்பது அப்புடைப்பே. தச்சரிடம் எஞ்சும் வேம்பு அல்லது முதிரைத் துண்டு போதுமானது. பிடிக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் நிறம் பூசுங்கள். சேற்றில் தவறிய கத்தி வெறுங்காலைப் பதம்பார்க்குமுன் கண்ணிற் பட வேண்டும்.

இரும்பும் பதமும்

இரும்பு உருக்குந் தொழில் நம் நாட்டுக்குப் புதியதன்று. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, பருவக்காற்றின் வலுவைக் கொண்டே உலைகள் இயங்கின என்பதை 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. அவ்வுலைகள் காற்றை எதிர்கொள்ளும் மேற்குச் சரிவுகளில் அமைந்திருந்தன. இடத்தை அறிந்து அமைத்த கருவியே பயன்தரும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

இன்று ஊர்ப் பட்டறைகளில் எளிதாகக் கிடைப்பது பழைய லொறிகளின் வில்லுத் தகடாகும். அதில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 வீதம் வரை காபன் இருப்பதால் அது நன்கு கடினமாகும். எனினும் நெடுங்காலம் உழைத்த தகட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருக்கலாம். அவை இல்லாத துண்டைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

வடிவமைத்த அலகைக் காந்தம் ஒட்டாத நிலைவரை காய்ச்சி, அதன்மேலும் சிறிது சூடேற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்குமாறு கொல்லரிடம் கூறுங்கள். நீரில் தோய்த்தால் இவ்வகை உருக்கு வெடிக்கக்கூடும். தோய்த்தவுடன் அலகு கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை உடையது. அதனைத் துலக்கி, மீண்டும் முதுகுப் பக்கமாக மெல்லச் சூடேற்றும்போது நிறங்கள் தோன்றும். வாயில் முதிர்ந்த வைக்கோலின் நிறம் வருகையிற் (ஏறத்தாழ 240 பாகை செல்சியஸ்) சூட்டை நிறுத்துதல் வேண்டும். நீலநிறம் வாய்வரை பரவினால் கத்தி விரைவில் மழுங்கும்.

முதலில் ஒரு கத்தியை மட்டும் செய்வியுங்கள். அதனைப் பலர் கைமாற்றி ஒரு போகம் முழுவதும் பாவித்து, குறைகளைக் குறித்து, திருத்தியபின் ஏனையவற்றைச் செய்விப்பதே சிக்கனமாகும்.

தீட்டுதலும் பேணுதலும்

தீட்டும்போது வாய் கல்லிற் படிய, முதுகு கத்தியின் அகலத்தில் மூன்றிலொரு பங்கு உயர்ந்திருக்கட்டும். அப்பொழுது ஏறத்தாழ 20 பாகைக் கோணம் அமையும். இரு பக்கங்களையும் சமமாகத் தீட்டுக. மின்சாணையில் வாய் நீலநிறமானால் பதம் கெட்டுவிட்டதென்று அறிக.

உரங்களிலுள்ள உப்புக்கள் இரும்பை அரிக்கும். ஆதலால் உரப்பை வெட்டிய கத்தியைக் கழுவி, துடைத்து, சிறிது தேங்காயெண்ணெய் பூசி வையுங்கள். உறையின் அடியில் நீர் வடியத் துளையொன்று இடுங்கள்.

மறவாதீர்கள்

பீடைநாசினிப் பொதியை வெட்டிய கத்தியாற் பழத்தையோ வெற்றிலை பாக்கையோ ஒருபோதும் வெட்டாதீர்கள். உணவுக்கு வேறு கத்தி வைத்திருங்கள்.

வாடல் நோய்க்குரிய பற்றீரியா கத்தியின் வாயிலேறி ஒரு கிழங்கிலிருந்து மற்றக் கிழங்குக்குச் செல்லும். விதை உருளைக்கிழங்கை வெட்டும்போது இரு கத்திகளை வைத்துக்கொண்டு, ஒன்றைப் பாவிக்கையில் மற்றதை 70 வீத அற்ககோலில் ஊறவிடுங்கள். அற்ககோல் எளிதில் தீப்பற்றும். அடுப்பும் சுருட்டும் அருகில் இருத்தலாகாது.

வெட்டும்போது கத்தியை உடலுக்கு அப்பாற் செலுத்துக. சேற்றுக் கத்தியாற் காயம்பட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, ஏற்புவலித் தடுப்பூசி பற்றி விசாரியுங்கள்.

நல்ல கத்தி விலையுயர்ந்ததாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. அதனை ஏந்தும் கைகளைக் கேட்டுச் செய்யப்பட்டதாயிருந்தாற் போதும். அடுத்த போகத்துக்கு முன்னரே அயலவருடன் கலந்துபேசி ஒரு மாதிரியைச் செதுக்கிப் பாருங்கள். மேலும் விபரம் வேண்டின் உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.