இடது கை பத்திரம்!

நம் வீடுகளில் மரியாதையெல்லாம் வலது கைக்குத்தான். சாப்பிட, கோலம் போட, பணம் வாங்க, கொடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் பனியன் துணி வெட்டும் மேஜையில் மட்டும் நாம் முதலில் கவலைப்பட வேண்டியது இடது கையைப் பற்றி. மெஷினைப் பிடித்திருக்கும் வலது கை கைப்பிடியில் பத்திரமாக இருக்கும். துணி நகராமல் கத்திக்குப் பக்கத்தில் அழுத்திக்கொண்டே போகிறதே இடது கை, காயம் அதற்குத்தான். (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இதை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் திருப்பூர் ராயபுரம் மாதிரி இடங்களில் பனியன் வேலை கம்பெனிக்குள் மட்டும் நடப்பதில்லை. வீட்டு முன்னறையிலும் மாடி ஷெட்டிலும் ஒரு மேஜை, இரண்டு ஓவர்லாக், ஒரு கட்டிங் மெஷின் என்று ஜாப் ஒர்க் ஓடுகிறது. கட்டிங் மாஸ்டர் வராத நாளில் வீட்டுப் பெண்களே மெஷினை எடுத்துவிடுகிறார்கள். தையல் மெஷின் மிதித்துப் பழகியவளுக்கு இது என்ன பிரமாதம் என்று தோன்றும். ஊசி குத்தினால் இரண்டு நாளில் ஆறிவிடும். இந்தக் கத்தி பட்டால் விரலே போய்விடும், சகோதரிகளே!

மெஷினைத் தெரிந்துகொள்ளுங்கள்

துணி வெட்டும் மின்சார மெஷின் நூறு வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து ஈஸ்ட்மேன் கம்பெனி இந்தத் தொழிலை ஆரம்பித்தது 1888-ல்.

இதில் இரண்டு வகை அதிகம் பார்க்கிறோம். ஒன்று நேர் கத்தி. மேலும் கீழுமாக ஓடும். உயரமான அடுக்குகளை வெட்டும். இன்னொன்று வட்டக் கத்தி. தட்டு மாதிரி சுற்றும். இதில் நாலு அங்குலக் கத்தி வைத்த சின்ன மெஷின்தான் வீடுகளில் அதிகம். எடை குறைவு, ஒரு கையால் தள்ளலாம். சுமார் ஒரு அங்குல உயர அடுக்குக்கு மேல் அதற்குப் பாரம் கொடுக்கக் கூடாது. நேர் கோட்டுக்கும் லேசான வளைவுக்கும்தான் வட்டக் கத்தி சரி. கழுத்து, அக்குள் மாதிரி குறுகிய வளைவில் மேல் துணி முதலில் வெட்டுப்படும், அடித்துணி வெட்டுப்படாமல் நிற்கும். உடனே நாம் மெஷினைத் திருகி, இடது கையால் துணியை இழுப்போம். விரல் கத்திக்குள் போவது அந்த நிமிஷத்தில்தான். குறுகிய வளைவை விட்டுவிட்டு, கத்தரியால் முடித்துக்கொள்ளுங்கள்.

கார்டைக் கழற்றாதீர்கள்

கத்திக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். எல்லாரும் ‘கார்டு’ என்பார்கள். “அக்கா, அதைக் கழட்டுனாத்தான் மார்க் நல்லாத் தெரியுது, வேலையும் சீக்கிரம் ஆகுது” என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். மார்க் தெரியவில்லை என்றால் மேஜைக்கு மேல் இன்னொரு விளக்குப் போடுங்கள். கார்டு என்பது விரலுக்கும் கத்திக்கும் நடுவே நிற்கும் காவல்காரன். அது துணியின் மேல்மட்டத்தை ஒட்டி இறங்கியிருக்க வேண்டும். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கார்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அடுத்தது எவர்சில்வர் வலைக் கையுறை. சின்னச் சின்ன வளையங்களைக் கோத்துச் செய்தது. துணியை அழுத்தும் கைக்கு இது கட்டாயம். சரியான அளவில், விரலோடு ஒட்டி இருக்கட்டும். கணவருடைய பெரிய கையுறையை நீங்கள் மாட்டினால் நுனி தொங்கும். அதையே கத்தி இழுத்துவிடலாம். “போட்டா கை வேர்க்குதுங்க” என்று கழற்றி வைக்கிறவர்கள் நிறைய. வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம், விரல் போனால் என்ன செய்வது?

வேலைக்கு நிற்கும் முன்பு

* முந்தானையை இழுத்துச் செருகுங்கள். சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றிவிடுங்கள். கூந்தலைக் கொண்டை போடுங்கள். வளையல், மோதிரம் வேண்டாம்.

* வயர் கத்திக்கு முன்னால் கிடக்கக் கூடாது. மேலே கம்பியில் மாட்டித் தொங்க விடுங்கள். மூன்று பின் பிளக், சரியான எர்த், மின்கசிவு வந்தால் தானே விழும் ஸ்விட்ச், மூன்றும் வேண்டும்.

* ஸ்விட்சை அணைத்த பிறகும் கத்தி கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுசாக நிற்கும் வரை கீழே வைக்காதீர்கள்.

* பஞ்சு அடைத்துக்கொண்டால் விரலால் எடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். எண்ணெய் போட, கத்தி மாற்ற எல்லாவற்றுக்கும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

* கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். மறந்துவிட்டு அடுக்கைச் சரி செய்யும்போது கரண்ட் வந்தால் மெஷின் தானாக ஓடும்.

* மழுங்கிய கத்தி ஆபத்து. வெட்டாததால் நாம் அதிகமாக அழுத்துகிறோம், கை சறுக்குகிறது. சாணைக்கல் மெஷினிலேயே இருந்தால் அவ்வப்போது தீட்டிக்கொள்ளுங்கள்.

* தூக்கக் கலக்கத்திலும், போனில் பேசிக்கொண்டும் வெட்ட வேண்டாம். விடிந்தால் சரக்கு ஏற்ற வேண்டும் என்று ராத்திரி ஒரு மணிக்கு வெட்டுகிற வேலையில்தான் கவனம் பிசகும்.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, காயம்படும்படி ஓடுகிற மெஷினைத் துடைக்கவோ, எண்ணெய் போடவோ பெண்களை விடக் கூடாது என்று இருந்தது. வீட்டு முன்னறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. நமக்கு நாமே இன்ஸ்பெக்டர்.

கைக்குழந்தைத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிங் வேஸ்ட் குவியல் குழந்தைகளுக்கு மெத்தை மாதிரி. மேஜைக்கு அடியில் விளையாடும் பிள்ளை தொங்கும் வயரை இழுத்தால் மெஷினே தலையில் விழும். வெட்டும் நேரத்தில் அந்த அறைக்குள் குழந்தை வேண்டாம். வேலை முடிந்ததும் கத்தியை மூடி, மெஷினை உயரத்தில் பூட்டி வையுங்கள்.

தச்சர் வந்தால்

அலமாரி செய்ய வீட்டுக்கு வரும் தச்சரும் கையில் பிடிக்கும் வட்ட ரம்பம்தான் வைத்திருப்பார். அங்கேயும் இதே கதைதான். பலகையை இடது கையால் பிடித்துக்கொண்டே அறுக்காமல், கிளாம்ப் போட்டு இறுக்கி, இரண்டு கையையும் மெஷினில் வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஸ்பிரிங்கில் திறந்து மூடும் கார்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் வித்தியாசம். பல் வைத்த ரம்பத்துக்குக் கையுறை கூடாது, வலைக் கையுறையும் கூடாது. பல்லில் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

மீறி நடந்துவிட்டால்

காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை உயரத் தூக்கிப் பிடியுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போடாதீர்கள். ரப்பர் பேண்ட், நூல் போட்டு இறுக்காதீர்கள். மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். பஞ்சு ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும். பாதி தொங்கினால் அறுக்காமல் அப்படியே சேர்த்துக் கட்டுங்கள். அடிபட்டவருக்குச் சோடா, காபி கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

108-ஐக் கூப்பிடுங்கள். விரல் ஒட்டும் வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. முதலிலேயே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோயமுத்தூரில் 1978-ல் ஆரம்பித்த கங்கா மருத்துவமனையும், சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையும் கை அறுவை சிகிச்சைக்குப் பேர் போனவை. முழுதாகத் துண்டான கட்டைவிரலை 1965-லேயே ஜப்பானில் கொமாத்சு, தமாய் என்ற டாக்டர்கள் ஒட்டிக் காட்டினார்கள். எல்லா விரலையும் ஒட்ட முடியாதுதான். ஆனால் சீக்கிரம், குளிர்ச்சியாகக் கொண்டுபோனால்தான் டாக்டரால் முயற்சியாவது செய்ய முடியும்.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டு இருக்கிறதா, வயர் கிழிந்திருக்கிறதா, கையுறையில் வளையம் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை பார்த்தால் இன்னும் நல்லது.