பதினொரு வண்டிகள், ஒரே பந்தி: லேபாட்சிக்கு ஒரு நாள் பயணம்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெங்களூருவின் வடக்கே, தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரம் சற்று நேரம் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். ஐந்தைந்தாகவும் பத்துப் பத்தாகவும் மோட்டார் சைக்கிள்கள் நந்தி மலைத் திசை நோக்கி விரைந்து கொண்டிருக்கும். வாரமெல்லாம் நெரிசலில் ஊர்ந்த வண்டிகளுக்கு அன்று ஒரு நாள் திறந்த சாலை வாய்க்கிறது. அந்த அணிகளுள் ஒன்று எங்களுடையது.

நாங்கள் பதினொருவர். ஆசிரியர், கடைக்காரர், மென்பொருள் பணியாளர், பணி ஓய்வு பெற்றவர் எனப் பலதரப்பட்டோர். வயது 26 முதல் 63 வரை. வண்டிகளும் அவ்வாறே 110 சிசி முதல் 350 சிசி வரை வேறுபட்டவை. இரவு தங்காமல், பொழுது சாயுமுன் வீடு திரும்பும் ஒரு நாள் பயணங்களை மட்டுமே மேற்கொள்கிறோம். அவற்றுள் எங்களுக்கு மிகவும் உகந்தது, ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள லேபாட்சிக்குச் சென்று வேறு வழியாகத் திரும்பும் பயணம். அதை எவ்வாறு திட்டமிடுவது என்பதை ஒரு தவற்றின் வழியாகவே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

முதல் பயணம் கற்பித்தது

அந்த முதல் பயணத்தில் எங்களிடம் ஊர்ப்பெயர் இருந்தது, திட்டம் இல்லை. ஆறரை மணிக்குக் கூடுவதாகச் சொல்லி எட்டரைக்குப் புறப்பட்டோம். பெரிய வண்டிக்காரர்கள் முன்னே பறந்தனர். கொடிகொண்டா சோதனைச் சாவடி அருகே நெடுஞ்சாலையை விட்டு இடப்புறம் திரும்ப வேண்டும். கடைசியாக வந்த இருவர் அதை அறியாமல் நேரே சென்றுவிட்டனர். அவர்களுடைய கைப்பேசிகள் பைக்குள் இருந்தன. பெனுகொண்டாவை நெருங்கிய பிறகே வழி தவறியதை உணர்ந்தனர்.

அனைவரும் மீண்டும் ஒன்று சேர்ந்தபோது பிற்பகல் இரண்டரை மணி. நாங்கள் நம்பிச் சென்ற சிற்றுணவகத்தில் பதினொரு பேருக்குச் சோறு இல்லை. பிஸ்கட்டும் தேநீருமாகப் பசியை அடக்கிக்கொண்டு, கோயிலையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, இருட்டுமுன் திரும்பும் அவசரத்தில் கிளம்பினோம். தொட்டபள்ளாபுரத்துக்கு முன்பாக, அந்தி மங்கலில், சாலையில் சிந்திக் கிடந்த மணலில் ஒருவர் சறுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அவர் தையற்கடை நடத்துபவர். இரண்டு மாதம் கடை திறக்கவில்லை. மருத்துவச் செலவை நாங்கள் பகிர்ந்துகொண்டோம். இழந்த இரு மாத வருமானத்தை எங்களால் ஈடுசெய்ய இயலவில்லை.

மணல் மட்டும் அந்த விபத்துக்குக் காரணம் அன்று என்பது பிறகு அமர்ந்து பேசியபோது விளங்கிற்று. தாமதமான புறப்பாடு, பிரிந்து போன அணி, உண்ணாத வயிறு, இருட்டுக்கு அஞ்சிய வேகம் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்த இடமே அந்த மணல்.

உணவிலிருந்து தொடங்கும் திட்டம்

அன்று முதல் எங்கள் திட்டத்தை மதிய உணவிலிருந்து தொடங்குகிறோம். எங்கே, எத்தனை மணிக்கு உண்பது என்பதை முதலில் உறுதி செய்கிறோம். பின்னர் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் புறப்படும் நேரமும், முன்னோக்கிக் கணக்கிட்டால் வீடு சேரும் நேரமும் தாமே கிடைத்துவிடும்.

எலகங்காவிலிருந்து புறப்பட்டு, லேபாட்சி, இந்துப்பூர், கௌரிபிதனூர், தொட்டபள்ளாபுரம் வழியாக எலகங்காவுக்கே திரும்பும் சுற்று ஏறத்தாழ 210 கி.மீ. இடைநிறுத்தங்கள் நீங்கலாக, மணிக்குச் சராசரி 45 கி.மீ. என்று கொண்டால் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும். காலை 6.30-க்குப் புறப்பாடு. 7.30-க்குச் சிக்கபள்ளாபுரத்தில் இட்லியும் காப்பியும். 9.45-க்கு லேபாட்சி. நண்பகல் 12 மணிக்கு உணவு. 1.15-க்குத் திரும்பும் பயணம். மாலை 5.15-க்கு எலகங்கா. ஜனவரியில் ஆறு மணியளவில் பொழுது சாய்வதால், எதிர்பாராத தாமதத்துக்கு முக்கால் மணி நேரம் கையிருப்பாக நிற்கிறது. வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பைக் காப்பது போல், இந்த முக்கால் மணி நேரத்தை நாங்கள் தொடுவதில்லை.

உணவகத்தை இரண்டு நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். ராயலசீமையின் இப்பகுதியில் ராகிக் களியைச் சங்கட்டி என்பர். வேர்க்கடலைத் துவையலும், பருப்பும், காரம் தூக்கலான நாட்டுக்கோழிக் குழம்பும் அதற்குத் துணை. சுவை மிகுதி, ஆனால் வயிறு முட்ட உண்டுவிட்டு வண்டியில் ஏறினால் கண் செருகும். ஆகவே பாதி வயிறு உணவு, பின்பு அரை மணி நேர ஓய்வு என்பது எங்கள் வழக்கம். மது அருந்துவோர்க்கு அணியில் இடமில்லை.

வழியில் காண்பவை

தேவனஹள்ளி கடந்ததும் கட்டடங்கள் குறைந்து வானம் விரிகிறது. திப்பு சுல்தான் பிறந்த ஊர் அது. இடப்புறம் 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை மூடுபனிக்கு மேலே எழுந்து நிற்கும். வட பெண்ணையும் தென்பெண்ணையும் இம்மலைப் பகுதியிலேயே பிறக்கின்றன. தென்பெண்ணை ஒசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கடலூர் அருகே கடலில் கலப்பதைத் தமிழர் அறிவர். அதன் உடன்பிறப்போ வடக்கே ஓடி நெல்லூர்ப் பகுதியில் கடலை அடைகிறது. எங்கள் பயணத்தின் பிற்பகுதி இந்த வட பெண்ணையை ஒட்டியது.

சிக்கபள்ளாபுரத்தில் திராட்சைத் தோட்டங்கள். பாகேபள்ளியை அடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்தாற்போன்ற கற்பாறைக் குன்றுகள். கொடிகொண்டாவில் திரும்பினால், ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் லேபாட்சி.

ஊர் எல்லையில் முதலில் வரவேற்பது ஒரே கல்லில் செதுக்கிய நந்தி. ஏறத்தாழ 27 அடி நீளம், 15 அடி உயரம். கழுத்துமணியும் மாலையும் கல்லில் என்று நம்புதல் அரிது. சற்றுத் தள்ளி, ஆமை வடிவக் குன்றின்மேல் வீரபத்திரர் கோயில். விசயநகரப் பேரரசர் அச்சுத தேவராயர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், விருபண்ணா, வீரண்ணா என்னும் சகோதரர் எழுப்பியது. மண்டப விதானத்து ஓவியங்களில் அக்கால ஆடைகளின் கரை வேலைப்பாட்டைக்கூட இன்றும் காணலாம். எங்கள் தையற்கலை நண்பர் நெடுநேரம் அண்ணாந்து நிற்கும் இடம் அதுவே. தரையில் முழுமையாக ஊன்றாத தொங்கும் தூண் ஒன்றும் உண்டு. அதன் அடியில் துணியைச் செலுத்தி மறுபுறம் எடுத்துப் பார்க்கும் கூட்டம் எப்போதும் இருக்கும். 2022-இல் இக்கோயிலும் நந்தியும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன.

திரும்பும் வழியில், கௌரிபிதனூருக்குச் சற்று முன்பாக விதுராசுவத்தா. மகாபாரத விதுரர் அரசமரம் நட்ட இடம் என்பது ஐதிகம். நாகர் சிலைகள் எண்ணிறந்தவை. 1938 ஏப்ரல் 25 அன்று, தேசியக் கொடியேற்றக் கூடிய மக்கள்மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது. தென்னகத்தின் ஜாலியன்வாலா பாக் என்று இவ்வூரைக் குறிப்பிடுவர். உயிர்நீத்தோர் நினைவிடத்தில் சில நிமிடம் நின்று செல்கிறோம். உண்ட மயக்கம் தலைகாட்டும் நேரத்தில் வண்டியை விட்டு இறங்கி நடக்க இந்த நிறுத்தம் உதவுகிறது.

அணி பிரியாதிருக்க

அணியின் வேகத்தை நிர்ணயிப்பவர் அதன் மெதுவான ஓட்டுநரே. அவரை வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் நிறுத்துகிறோம். பின்னால் விட்டால், விட்ட இடைவெளியைப் பிடிக்க அவர் தம் திறனை மீறி விரைவார். முன்னால் நிறுத்தினால் அந்தக் கட்டாயம் இல்லை. வழி நன்கறிந்தவர் முதலிலும், அனுபவம் மிக்கவர் இறுதியிலும் செல்வர். பதினொருவரும் ஒரே கோர்வையாகச் சென்றால் பிற வாகனங்களுக்கு இடையூறு என்பதால், ஐவர், அறுவர் என இரு அணிகளாகப் பிரிகிறோம்.

நேர்ச்சாலையில் ஒருவர் வலமும் அடுத்தவர் இடமுமாகச் செல்வோம். வளைவுகளில் ஒற்றை வரிசை. நமக்கு நேர் முன்னே செல்பவருக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 33 மீட்டர்.

திருப்பங்களுக்கு ஓர் எளிய விதி உண்டு. வழிகாட்டி சுட்டும் ஓட்டுநர் திருப்பத்திலேயே, பிறர் கண்ணில் படும் பாதுகாப்பான ஓரத்தில் நின்று வழி காட்டுவார். அணியின் இறுதி வண்டி வந்த பின்னரே அவர் நகர்வார். கொடிகொண்டாவில் அன்று ஒருவர் இவ்வாறு நின்றிருந்தால் எங்கள் முதல் பயணம் வேறு விதமாக முடிந்திருக்கும்.

புறப்படுமுன் சரிபார்க்க

டயர்க் காற்று, சங்கிலித் தளர்வு, தடை, விளக்குகள் ஆகியவற்றை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவை இன்றி வருவோரை நாங்கள் சேர்ப்பதில்லை. லிட்டருக்கு 40 கி.மீ. தரும் வண்டிக்கு இச்சுற்றுக்கு ஐந்தரை லிட்டர் போதும். ஆந்திரத்தில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் கர்நாடக எல்லைக்குள்ளேயே நிரப்பிக்கொள்வது நலம். தேசிய நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனங்களுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. எனினும் எல்லாப் பெருவழிகளிலும் அவற்றுக்கு அனுமதி உண்டென்று கருதிவிடலாகாது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அவை செல்லத் தடை உள்ளது.

காப்பீட்டில்தான் எங்கள் அறியாமை பெரிது. தையற்கடை நண்பர் அன்று ஓட்டியது மைத்துனரின் வண்டி. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் தாமே ஓட்டும்போதுதான் பொருந்தும். அதுவும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உரியது. எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு தனியே வேண்டும். அது அவரிடம் இல்லை. இன்று எங்கள் பதினொருவரிடமும் உண்டு. ஒவ்வொருவரும் காப்பீட்டு அட்டையின் படத்தையும், இரத்த வகையையும், வீட்டாரின் எண்ணையும் அணியில் வேறொருவரிடம் கொடுத்து வைக்கிறோம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 ஆகிய எண்கள் அனைவரின் கைப்பேசியிலும் உள்ளன.

பொதுச் செலவுக்கு ஒருவர் பொறுப்பு. அவரே உணவுக்கும் தேநீருக்கும் யுபிஐ வழியாகச் செலுத்துவார். அன்றிரவே கணக்கு அணிக்கு வந்துவிடும். மறுநாள் காலைக்குள் அவரவர் பங்கு அவர் கணக்கில் சேர்ந்துவிடும். நட்பில் சிறு கடன் நிற்கலாகாது என்பது எங்கள் மூத்த உறுப்பினரின் கொள்கை.

கடந்த ஜனவரியில் அதே சுற்றை மீண்டும் சென்றோம். தையற்கடை நண்பரும் வந்தார். இம்முறை தம் சொந்த வண்டியில், வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில். பன்னிரண்டு மணிக்கு இலைகள் விரிக்கப்பட்டன. பதினொருவரும் ஒரே பந்தியில் அமர்ந்தோம். அவர் விழுந்த இடத்தை நாங்கள் கடந்தபோது நல்ல வெயில். சாலையோரம் அன்றும் மணல் கிடந்தது. அவர் கையை உயர்த்திப் பின்னால் வருவோருக்கு அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்து, கடந்து சென்றார். 5.15-க்கு எலகங்கா வந்து சேர்ந்தோம். முக்கால் மணி நேரக் கையிருப்பு அப்படியே இருந்தது.