பங்காளி வீடு, வாடகை அறை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ 'செட்டிநாடு ஓட்டல் எங்கே' என்று கேட்டால் மிளகுக் கோழி கிடைக்கும் கடைக்குக் கை காட்டுவார்கள். செட்டிநாட்டிலேயே போய்க் கேட்டால், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீட்டைக் காட்டக்கூடும். காரைக்குடி, கானாடுகாத்தான், கடியாபட்டி, கொத்தமங்கலம் பக்கம் நகரத்தார் வீடுகள் சில, கடந்த கால் நூற்றாண்டில் தங்கும் விடுதிகளாகிவிட்டன.

அந்த வீடுகளை எழுப்பியது கடல் தாண்டி வந்த பணம். தேக்குத் தூணும் பர்மா, அதை வாங்கிய வட்டியும் பெரும்பாலும் பர்மா. 1930களின் பொருளாதார மந்தத்தில் அவர்களிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு வயல் நகரத்தார் என்னும் இந்தச் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்கள் மிச்சத்தையும் எடுத்துக்கொண்டன. வருமானம் நின்றது; வீடு நின்றபடியே இருந்தது.

சிக்கல் பங்கில்தான். வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. முகப்பு, பட்டாலை என்னும் கூடம், முற்றம் எல்லாம் பொது. மூன்று தலைமுறை கழிந்தால் ஓடு மாற்றக்கூட சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். வீட்டை விற்பதைவிட அதன் கதவை விற்பது சுலபம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் தூண்களும் நிலைகளும் அப்படிப் பிரிந்து வந்தவை.

விடுதியாகத் தப்பியவற்றைப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது: பல, வழக்கமான வளவு வீடுகளே அல்ல. 1999இல் விடுதியான காரைக்குடி 'பங்களா', ஒரு குடும்பம் விருந்தினருக்காக வைத்திருந்த தனிக் கட்டடம். கானாடுகாத்தானின் 'விசாலம்', தந்தை மகள் விசாலாட்சிக்கென்று கட்டிய வீடு. அங்கே அது அபூர்வம். கொத்தமங்கலத்தின் 'சாரதா விலாஸ்' வளவு வீடுதான்; அதை மீட்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள்.

வளவு வீட்டை விடுதியாக்குவதில் பெரிய தலைவலி கழிவறை. அந்த அறைகள் சீர்வரிசைச் சாமான்களை வைத்துப் பூட்டுவதற்கு. குடும்பம் படுத்தது பட்டாலையில். விருந்தினரோ அறைக்குள்ளேயே குளியலறை கேட்பார். சுண்ணாம்புச் சுவருக்குள் குழாய் செருகி, கசிவை மறைக்க சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு உதிரத் தொடங்கும். அந்தப் பூச்சுக்குக் கை பழகிய கொத்தனார்கள் இன்று குறைவு.

செட்டிநாட்டின் 11 ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்த ஊர்களில் பூட்டிய வீடுகளே அதிகம். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு என்றால்தான் விளக்கு எரியும். அதற்காக வரும் பங்காளிகளிலும் சிலர் இரவு தங்க விடுதிக்குத்தான் போகிறார்கள். சொந்த வீட்டில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது.