பழைய துணியும் புதிய நூலும்

கட்டிங் வேஸ்ட் எனப்படும் பனியன் வெட்டுத் துண்டுகளைப் பிரித்துப் பஞ்சாக்கி, மீண்டும் நூலாக நூற்கும் தொழில் திருப்பூர் வட்டாரத்தில் நடைபெறுவதை அங்கத்தினர்கள் அறிவர். நாம் வாங்கும் ஓ.இ. நூலில் இத்தகையதும் உண்டு. பொருளை வீணாக்காது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இம்முறையைச் சுழற்சிப் பொருளாதாரம் என்பர். இதில் சிக்கனம் உண்டு. ஆனால் துணி திரும்பி வரும்போது, அதில் ஏறிய சாயமும் உடன் வருகிறது.

அசோ சாயங்களுள் சில, சிதையும்போது பென்சிடின் போன்ற அமீன்களை வெளியிடுகின்றன. பென்சிடின் மூத்திரப்பையில் புற்றுநோயை உண்டாக்கவல்லது. ஆகவே இந்திய அரசு 1990-களில் இவ்வகைச் சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் 22 அமீன்களைக் குறிப்பிட்டு, உடலில் படும் துணியில் அவை கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என விதித்தது. வரம்பு மீறினால் சரக்குத் திரும்பிவரும். சாயத்தொட்டியில் உழைப்பவரின் உடல்நலமும் கெடும்.

இங்கே செயற்கை நுண்ணறிவு என்னும் கணிப்பொறி முறை இரு வழிகளில் துணை செய்கிறது. முதலாவது, தரம் பிரித்தல். பழந்துணியின்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பும் ஒளியைக் கொண்டு பருத்தி எது, பாலியெஸ்டர் எது என இயந்திரமே பிரிக்கிறது. சுவீடனில் மால்மோ நகரில் 2020-இல் இத்தகைய ஆலை இயங்கத் தொடங்கியது. இரண்டாவது, முன்னெச்சரிக்கை. ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பை, ஏற்கெனவே சோதிக்கப்பட்ட பொருள்களின் அமைப்போடு ஒப்பிட்டு, அதன் நச்சுத் தன்மையைக் கணிக்கலாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் சுமார் 10,000 பொருள்களின் சோதனை முடிவுகளைக் கொண்டு இதனைச் செய்து காட்டினர். எந்தச் சாயத்தை முதலில் ஐயுற வேண்டும், எந்தச் சரக்கை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என முடிவு செய்ய இக்கணிப்பு உதவும்.

ஆயினும் இவற்றுக்கு எல்லை உண்டு. அந்த ஒளி இழையின் இனத்தைக் காட்டுமேயன்றி, நுண்ணளவில் தங்கிய அமீனைக் காட்டாது. அதற்கு ஆய்வகச் சோதனையே வேண்டும். கணிப்புக்கோ சாயத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நாம் தணிக்கைக்குச் செல்லும் சங்கங்கள் சிலவற்றின் இருப்புப் பதிவேட்டில், "சிவப்புச் சாயம், 2 கிலோ" என்று மட்டுமே எழுதியிருக்கக் காண்கிறோம். இந்த ஒரு வரியைக் கொண்டு எந்த இயந்திரமும் எதையும் கூற இயலாது.

ஆகவே, சாய டப்பாவில் அச்சிட்டுள்ள முழுப்பெயர், கலர் இண்டெக்ஸ் எண், தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் ஆகியவற்றை இன்றே பதிவேட்டில் எழுதத் தொடங்குவோமாக. மறுசுழற்சி நூல் வாங்குகையில் ஆய்வகச் சான்று கேட்போமாக. சோதனைச் செலவு தனிச் சங்கத்துக்குப் பாரமாயின், அண்டைச் சங்கங்கள் கூடிப் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டுறவு அதற்காகவே ஏற்பட்டது.