கேழ்வரகுக்குள் ஒரு பூட்டு!

குட்டீஸ்! மாமல்லபுரம் மீனவர் குப்பமோ, செங்கல்பட்டு நகரமோ, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அங்கன்வாடி சத்துமாவுப் பாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் அதில் உண்டு.

இதில் ஹீரோ கேழ்வரகுதான். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம்! அதே அளவு பாலில் 120தான். (அதற்காகப் பாலை நிறுத்திவிடாதீர்கள். ஒரு டம்ளர் கஞ்சிக்கு இரண்டு ஸ்பூன் மாவுதானே போடுகிறோம்!)

ஆனால் ஒரு சிக்கல். தானியத்தில் உள்ள 'பைட்டிக் அமிலம்', இரும்பு, துத்தநாகம், கால்சியம் மூன்றையும் பூட்டுப் போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டும் உடம்பில் முழுசாகச் சேராது. இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை வரும். கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். பாடத்தில் மனம் நிற்காது.

பாட்டி என்ன செய்வார், கவனித்திருக்கிறீர்களா? கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து, வாசனை வர வறுத்து, மில்லில் அரைத்து வருவார். விதை முளைக்கும்போது 'பைட்டேஸ்' என்ற நொதி வேலை செய்யும். அதுதான் சாவி! வறுப்பதால் ஈரம் போய், மாவு சீக்கிரம் கெடாது.

கஞ்சி குடித்த கையோடு டீ வேண்டாம். டீயும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நெல்லிக்காயைக் கடியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பு உடம்பில் சேர உதவும்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழுக்கு, மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்களே? அங்கேயும் அந்தப் பூட்டுதான் திறக்கிறது!