விதைப்பையில் வீக்கமா? டார்ச் வெளிச்சத்தில் தெரியும் விடை

குளிக்கும்போது விதைப்பையில் ஏதோ கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. ‘உடம்புச் சூடு, தானாகப் போய்விடும்’ என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மறைமலை நகரில் ஷிஃப்டு வேலைக்கு வந்து, அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்கு இதை யாரிடம் சொல்வதென்ற கூச்சம் வேறு. கட்டி என்னவென்று அறிந்தால் கூச்சம் பாதி விலகும்.

முதலில், இயல்பாகவே இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விரையின் பின்புறம் மெத்தென்று ஒரு மேடு இருக்கும். விந்தணுக்கள் முதிரும் சுருள்குழாய் அது; பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். பலர் இதைத்தான் கட்டியென்று பயப்படுகிறார்கள்.

மருத்துவர் நிற்கவைத்துப் பார்ப்பார். வீக்கத்தின் மேல்விளிம்பு விரலுக்குப் பிடிபடாமல் அடிவயிற்றுக்குள் ஏறிப்போய், இருமும்போது முட்டினால் பெரும்பாலும் குடலிறக்கம். மேல்விளிம்பு பிடிபட்டால் அறையை இருட்டாக்கி, வீக்கத்தின் பின்னால் டார்ச்சை வைப்பார். உள்ளே தெளிந்த நீர் இருந்தால் வீக்கம் செக்கச்செவேலென ஒளிரும். அதுதான் ஓதம் எனப்படும் விரைவீக்கம். இடப்பக்கம், நின்றால் பருத்து, படுத்தால் சுருங்கி, புழுக்களைப் பையில் கட்டியதுபோல நெளிந்தால் அது நாளப் புடைப்பு. இடது விரையின் ரத்தநாளம் நேரே இதயம் நோக்கிய பெருநாளத்தில் சேராமல், சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகச் சேர்வதால் ரத்தம் அங்கே தேங்குகிறது.

ஓதத்துக்கு நம் பக்கத்தில் ஒரு காரணம் உண்டு: யானைக்கால் புழு. க்யூலெக்ஸ் கொசு பரப்பும் இந்தப் புழு, விதைப்பையின் நிணநாளங்களில் குடியேறும். ஸ்கேனில் உயிருள்ள புழுக்கள் துள்ளி நெளிவதையே பார்க்க முடியும். காஞ்சிபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் வீடு வீடாக டிஇசி மாத்திரை கொடுத்தது இதைத் தடுக்கத்தான்.

தாமதிக்கக் கூடாதவை இரண்டு. திடீரெனக் கடும் வலியும் வாந்தியும் வந்தால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். இரவானாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மற்றது, விரையிலேயே கல்போல் இறுகிய, வலியற்ற கட்டி. அது புற்றுநோயாக இருக்கலாம். 15 முதல் 35 வயதுக்காரர்களையே அதிகம் பிடிக்கிறது. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வழிகாட்டும். ஊசி குத்திச் சோதிப்பதில்லை. நோய் பரவும் பாதை திறக்காதபடி, இடுப்புமடிப்பு வழியே விரையை எடுப்பார்கள்.

1974இல் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் கலந்த கூட்டு மருந்தைத் தரத் தொடங்கியபின், புற்றுநோய் பரவியவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஒரு விரை எடுத்தாலும் தாம்பத்தியத்துக்குத் தடையில்லை. பலருக்குக் குழந்தையும் பிறக்கிறது.

மறைமலை நகரிலிருந்து மின்ரயிலில் மூன்றாவது நிறுத்தம் செங்கல்பட்டு. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவைசிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. ‘விதைப்பையில் கட்டி’ என்று சீட்டு வாங்கும்போதே சொல்லுங்கள். அவர்களுக்கு அது தினமும் பார்க்கும் நோய்.